எட்டு மணி முதல் நாலு மணி வரை

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். தூங்குகிறவரை எழுப்பக்கூடாது. யார் வந்தாலும் சரி, என்ன நடந்தாலும் சரி, தூங்குகிறவர் தானாக எழுந்திருக்கும்வரை வீடு வாயைப் பொத்திக்கொண்டு இருக்கும்.

சட்டம் போட்டது யார் என்று கேட்டால், இருவரும்தான். என் வீட்டுக்காரருக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை. மாலை ஆறரைக்குக் கிளம்பினால் மறுநாள் காலை ஏழே முக்காலுக்குத்தான் திரும்புவார். நான் பள்ளிச் சீருடை தைக்கிற கம்பெனியில் காலர் வைக்கிறேன். காலை ஏழேகாலுக்குக் கிளம்பி மாலை ஏழுக்கு வருவேன். அவருக்குச் செவ்வாய் லீவு, அன்று மாலை அவர் அம்மாவைப் பார்க்கக் கிளம்பிப் போய் நான் தூங்கிய பிறகுதான் திரும்புவார். எனக்கு ஞாயிறு. அவர் எழுந்த கட்டிலில் நான் படுப்பேன், நான் எழுந்த கட்டிலில் அவர் படுப்பார். ஒன்பது வருஷமாக இப்படித்தான். குழந்தை ஏன் இல்லை என்று அக்கறையாக விசாரிக்கிறவர்களிடம் இந்த அட்டவணையை நீட்டினால் போதும், பேசாமல் போய்விடுவார்கள்.

வாசல் மணியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டவர் அவர். விசில் சத்தம் ஆகாது என்று குக்கரைப் பரணில் ஏற்றியவள் நான். இரண்டு பேருடைய போனும் எப்போதும் அதிர்வில்தான் கிடக்கும். பேச வேண்டியதையெல்லாம் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி, தண்ணீர்ச் சொம்புக்கு அடியில் வைப்போம். "பால் வாங்கவும்." "கேஸ் தீரப்போகிறது." "முதுகுவலி மாத்திரை அலமாரியில்." ஒன்பது வருஷத் தாள்களையும் சேர்த்து வைத்திருந்தால் ஒரு சாக்கு நிறைந்திருக்கும். அத்தனையிலும் வீட்டுச் சாமானைத் தவிர வேறு எதைப் பற்றியும் ஒரு வரி இருந்திருக்காது.

ஞாயிறு மாலை அவர் எழுந்த பிறகு இரண்டரை மணி நேரம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் ஒன்றரை மணி நேரம் துணி, கடை, குழாய் ரிப்பேர் என்று ஓடிவிடும். மிச்ச ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிப்போம். டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிற இரண்டு பேர் மாதிரி மரியாதையாக இருப்போம். சண்டைகூடக் கிடையாது. சண்டை போடவும் நேரம் வேண்டுமே.

இந்த நிலைமையில்தான் அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அக்கா போன் பண்ணினாள். பதினோரு மணி நேரப் பயணத் தூரத்தில் ஓர் ஊர். அங்கே ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில் சமையலுக்குப் பொறுப்பாக இருக்கிறாள். அதே விடுதியில் உதவி வார்டன் வேலை காலி. பகல் வேலை, தங்க ஒரு அறை, சாப்பாடு.

"உன் பேரைச் சொல்லி வெச்சிருக்கேன்டி. ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு மணிக்குள்ள வரியா இல்லையான்னு சொல்லணும். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"அவர்கிட்ட கேட்கணும்கா."

"என்ன கேட்கப்போற? அந்த மனுஷனுக்கு ரொட்டிதான் பொண்டாட்டி. நீ இல்லேன்னாகூட நாலு நாள் கழிச்சுத்தான் தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது பொய்யில்லை என்பதால்தான் சுருக்கென்றது. அன்றைக்கே எனக்குள் ஒரு முடிவு செய்துகொண்டேன். அவரிடம் நேருக்கு நேர் சொல்வேன். "போகாதே" என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போகமாட்டேன். வராவிட்டால் போய்விடுவேன். ஆனால் இதை எப்படிச் சொல்வது? "பால் வாங்கவும்" என்பதற்குக் கீழே "நான் உங்களை விட்டுப் போகலாமா" என்று எழுதிச் சொம்புக்கு அடியில் வைக்க முடியுமா? புதன் போயிற்று, வியாழன் போயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வந்தால் வீட்டில் விளக்கு எரிகிறது. திருடன் என்றே நினைத்துவிட்டேன். கையிலிருந்த டிபன் பாக்ஸை ஓங்கிக்கொண்டு கதவைத் தள்ளினால், இவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க, வேலைக்குப் போகல? உடம்பு சரியில்லையா?"

"ஓவன் பெல்ட் அறுந்துபோச்சு. புதுசு ஞாயித்துக்கிழமைதான் வருமாம். இன்னிக்கும் நாளைக்கும் வேலை இல்ல. ஞாயிறு ராத்திரி போனா போதும்."

"அப்படியா" என்றேன். சொந்தப் புருஷன் ஏழு மணிக்கு வீட்டில் இருந்தால் என்ன பேசுவது என்று எனக்கு மறந்தே போயிருந்தது. அவருக்கும் அதே கதிதான். கையைப் பிசைந்துகொண்டே இருந்தவர் திடீரென்று கேட்டார்.

"எங்கயாவது போலாமா? நாம ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயுமே போனதில்லையே. சிட்டிக்குப் போலாம். அங்க ஆத்து மேல பெரிய பாலம் இருக்குல்ல, சாயங்காலம் விளக்கெல்லாம் போடுவாங்களாம். சும்மா அதுல நடந்துட்டு வரலாம்."

"நெனச்சவுடனே கிளம்பினா எங்க தங்கறது?"

"அதை என்கிட்ட விடு."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு விடுதி வேலையைப் பற்றி அங்கேயே போட்டு உடைக்க மனசு வரவில்லை. சிட்டியில் சொல்லிக்கொள்ளலாம், ஓர் இரவு முழுக்க ஒரே அறையில் இருக்கப்போகிறோமே, பேச எவ்வளவோ நேரம் இருக்கும் என்று நினைத்தேன். நாலு மணி நேரம் பஸ்ஸில் போய், ஓர் இரவு தங்கி, மறுநாள் சாயங்காலம் திரும்புவது என்று முடிவாயிற்று. நான் தூங்கிப்போனேன். அவர் வழக்கம்போல விழித்திருந்தார். இடையில் ஒருமுறை புரண்டபோது சமையலறை மூலையில் போன் வெளிச்சத்தில் அவர் முகம் மட்டும் தெரிந்தது.

காலையில் பார்த்தால் வாயெல்லாம் பல்.

"அங்க நாளைக்கு ஏதோ பெரிய வேலைத் தேர்வாம். எழுதறவங்க எல்லாம் வந்து குவிஞ்சிருக்காங்க. ஊரு பூரா ரூமே இல்ல. இருக்கறதெல்லாம் யானை விலை. நான் விடல. கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு தேடினேன். நாலு மணிக்கு ஒண்ணு மாட்டுச்சு. ஸ்டேஷன் பக்கத்துலயே. மத்ததுல மூணுல ஒரு பங்குதான் வாடகை!"

"நல்லா பார்த்தீங்களா? ஏதாவது ஓட்டை ஒடைசலா இருக்கப்போகுது."

"படம் பார்த்தேன். டபுள் கட்டில், ஜன்னல், பாத்ரூம் எல்லாம் இருக்கு. பணமும் கட்டியாச்சு."

முகவரியைக் காலண்டர் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நான் கம்பெனிக்குப் போன் செய்து வயிற்றுவலி என்று புளுகினேன். அவர் பதினோரு மணி வரை தூங்கினார். பன்னிரண்டரைக்குப் பஸ் ஏறினோம்.

அந்தப் பயணத்தை நான் குறை சொல்லமாட்டேன். வெயிலில் அவர் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! காதோரம் நரைத்திருந்தது. மணிக்கட்டில் ஓவன் சுட்ட தழும்புகள் மூன்று இருந்தன, எனக்கு ஒன்றுதான் தெரியும். ஆலையில் தன்னை ஆந்தை என்று கூப்பிடுகிறார்கள் என்றும், புதிதாக வந்த மேனேஜர் அதுதான் நிஜப் பெயர் என்று நினைத்துச் சம்பளப் பட்டியலில் எழுதிவிட்டார் என்றும் சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தட்டு தூக்கித் தூக்கி அந்த உள்ளங்கை காய்ப்பேறிக் கிடந்தது. அக்காவுக்கு "வரவில்லை" என்று இப்போதே சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவசரப்படாதே, முதலில் அவர் சொல்லட்டும் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

நாலரைக்கு லாட்ஜ் வாசலில் நின்றோம். படத்தில் இருந்த அதே பச்சைக் கதவு. மேசைக்குப் பின்னால் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் இவருடைய போனை வாங்கிப் பார்த்தார். பேரேட்டைப் புரட்டினார். மறுபடி போனைப் பார்த்தார்.

"உங்க ரூம் நாளைக்குத்தான் சார்."

"சனி, ஞாயிறுன்னு போட்டிருக்கேனே."

"இன்னிக்குப் பகல் ரூம் எல்லாம் முன்னாடியே போயிடுச்சு, உங்களுக்குக் கிடைச்சது நாளைக்கு. ரூம் ஞாயிறு காலைல எட்டு மணில இருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும். பகல் ரூம் சார் இது. ராத்திரி ரயில்ல வந்து இறங்கறவங்க குளிச்சு, கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போறதுக்கு. அதான் வாடகை கம்மி."

"ஆமாங்க, பகல்தான் போட்டேன். பகலா ராத்திரியான்னு கேட்டுது, பகல்னு அமுக்கினேன். தூங்கறதுக்குத்தானே?"

கண்ணாடிக்காரர் இவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், ஜனங்க ராத்திரிதான் தூங்குவாங்க."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. திருதிருவென்று விழித்தார். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது, சிரித்தும் விட்டேன். பிறகு சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் கோபமும் நிற்கவில்லை. இந்த மனிதருக்கு ராத்திரி என்றால் ஓவன், பகல் என்றால் கட்டில். அந்தக் கட்டிலில் இன்னொருத்தியும் படுப்பாள், அவள் ராத்திரியில் தூங்குகிறவள் என்பது அவர் விரல் அந்தப் பொத்தானை அமுக்கியபோது அவர் மனதில் இல்லவே இல்லை. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். வேண்டுமென்று செய்யவில்லை என்பதுதான் வலித்தது.

"இன்னிக்கு ராத்திரிக்கு ஒரு ரூமும் இல்லையா?" என்று கேட்டேன்.

"எள்ளு விழ இடம் இல்லம்மா. மாடிப்படிகூட பரீட்சைக்காரங்க பேசி வெச்சுட்டாங்க."

அதன் பிறகு மூன்று மணி நேரம் அலைந்தோம். முதல் இடத்தில் அறை இருந்தது, வாடகையைக் கேட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் "பரவாயில்லைங்க" என்று பின்வாங்கினோம். அடுத்த இடத்தில் எதிரெதிர்ச் சுவரில் இரண்டு இரும்புக் கட்டில்களைத் திருகு போட்டுப் பொருத்தியிருந்தார்கள். சரி என்று பெட்டியைக் கீழே வைப்பதற்குள் வீட்டுக்காரம்மாவுக்குப் போன் வந்தது, முன்பே சொல்லி வைத்த அண்ணன் தங்கை வந்துகொண்டிருக்கிறார்களாம். ஒரு சலவைக்கடைக்கு மேல் மாடியில் நிஜமாகவே காலி அறை ஒன்று கிடைத்தது. ஜன்னலே இல்லை, சுவரில் கைவைத்தால் ஈரம், நாற்றம் குடலைப் பிடுங்கியது. இவர் "ஒரு ராத்திரிதானே" என்றார். நான் படி இறங்கினேன்.

பாலத்துக்குப் போனோம். விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள், அதில் குறை இல்லை. கைப்பிடிச் சுவர் நெடுகிலும் ஜோடி ஜோடியாக நின்றிருந்தார்கள். எங்களிடம் பெட்டி ஒன்று இருந்ததால் நாங்கள் மட்டும் ஊரைவிட்டு ஓடுகிறவர்கள் மாதிரி தெரிந்தோம். இவர் நடந்துகொண்டே ஒவ்வொரு லாட்ஜாகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு பேர்... ஆமாங்க, ஹஸ்பெண்ட் வொய்ஃப்... சரிங்க." மறுபடி "ரெண்டு பேர்..."

"ஏங்க, போதும். அதை வைங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு" என்றார், கண் போனில்.

"இப்படி இல்ல. என்னைப் பார்த்து."

நிமிர்ந்தார். அழுகிற முகமாக இருந்தது. "என்மேல கோவம்தானே? ஒரு ரூம் பிடிக்கத் துப்பில்லைன்னு நெனக்கறே. கொஞ்சம் பொறு, இன்னும் நாலு நம்பர் இருக்கு. ரூம் கிடைச்சதும் நிம்மதியா உக்காந்து பேசலாம். நடுரோட்டுல எதுக்கு?"

நடுரோட்டில் சொன்னால் என்ன? இன்றைக்கும் அதை நினைத்தால் என்மீதுதான் ஆத்திரம் வருகிறது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அறைக்குள் போய்ச் சொல்லலாம் என்று நானும் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுவதில் எங்கள் இருவருக்கும் நல்ல பொருத்தம்.

கடைசியில் கிடைத்தது ரயில் நிலையத்துத் தங்கும் கூடம். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. பெண்கள் பக்கம் ஒரு பலகைக் கட்டில் மட்டும் காலி, ஆண்கள் பக்கம் அதுவும் இல்லை. "நீ போய்ப் படு. எனக்கு ராத்திரி விழிச்சிருந்து பழக்கம்தானே" என்று பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு நடைமேடை பெஞ்சுக்குப் போனார். காதலாக ஒரு பயணம் வந்து, புருஷன் நடைமேடையிலும் பெண்டாட்டி கூடத்திலும் கிடந்த கதையைச் சொன்னால் எங்கள் கம்பெனியில் ஒரு மாதம் சிரிப்பார்கள். விடிய விடியப் பரீட்சைப் பெண்கள் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பொட்டுக்கூடக் கண் மூடவில்லை.

காலை எட்டு மணிக்கு லாட்ஜில் எங்கள் அறையைத் திறந்து கொடுத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல அறை. வெளுத்த விரிப்பு, நீலத் திரைச்சீலை, மூலையில் ஒரு பிரம்பு நாற்காலி. இரண்டு பேர் தாராளமாகப் புரளலாம் போன்ற கட்டில். இருவரும் குளித்தோம். கட்டிலில் படுக்கப் போனோம். அங்கேதான் அந்தக் கூத்து நடந்தது. நான் இந்தப் பக்கத்திலிருந்து வந்து நடுவில் சாய்ந்தேன், அவர் அந்தப் பக்கத்திலிருந்து வந்து நடுவில் சாய்ந்தார். மண்டையும் மண்டையும் மடேரென்று மோதிக்கொண்டன.

"உன் பக்கம் எது?" என்று நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. வீட்டுக் கட்டிலில் நடுவில் ஒரே ஒரு பள்ளம். அவர் படுத்த பள்ளத்தில் நான், நான் படுத்த பள்ளத்தில் அவர். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகிறது, யாருக்கு எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்ள எங்களுக்கு அவசியமே வந்ததில்லை. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் சுவரோரம் நகர்ந்தேன். அவர் என் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்தார். கை மரக்கட்டை போல விறைத்திருந்தது. நான் அசைந்தால் அவருக்குத் தொந்தரவு என்று நான் அசையவில்லை, அவர் அசைந்தால் எனக்குத் தொந்தரவு என்று அவர் மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டார். பக்கத்தில் ஆள் இருக்கும்போது எப்படிப் படுப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை. ஆனாலும் அந்தக் கையை எடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. இமை இரண்டும் கல்லாய்க் கனத்தன.

"ஏங்க, பத்து மணிக்கு எழுப்பிவிடுங்க. முக்கியமா பேசணும். ரெண்டு மணிக்குள்ள பேசியாகணும். மறந்துடாதீங்க."

"சரி. நீ கண்ணை மூடு."

போன் கதவோரம் சார்ஜில் கிடந்தது. எழுந்து போய் அலாரம் வைத்திருக்கலாம். அவர் இருக்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

கண் விழித்தபோது திரைச்சீலையின் ஓரத்தில் வெயில் மஞ்சளாக இருந்தது. கட்டிலில் நான் மட்டும், வழக்கம்போல நடுவில் கிடந்தேன். அவர் பிரம்பு நாற்காலியில், கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"மணி என்ன?"

"மூணே முக்கால்."

தூக்கிவாரிப் போட்டது. "மூணே முக்காலா? பத்து மணிக்கு எழுப்பச் சொன்னேனே!"

"மூணு தடவை கிட்ட வந்தேன். கை வரல." அசடு வழியச் சிரித்தார். "நீ தூங்கி நான் பார்த்ததே இல்ல தெரியுமா? என் லீவு நாள்லகூட நீ தூங்கற ரூம் பக்கம் வரமாட்டேன், சத்தம் கேட்டுடும்னு. வாயை லேசா திறந்துக்கிட்டு தூங்கறே. ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில வெச்சுக்கறே. இத்தனை மணி நேரமும் பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்படி ஒரு தூக்கம். எழுப்பினா பாவம்னு விட்டுட்டேன்."

நான் போனைத் தேடினேன். கதவோரம் இல்லை. அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"ஒண்ணே முக்காலுக்கு உங்க அக்கா கூப்பிட்டாங்க. அதிர்ற சத்தத்துல நீ முழிச்சுக்கப்போறேன்னு பாத்ரூமுக்கு எடுத்துட்டுப் போய் கதவைச் சாத்திக்கிட்டு பேசினேன். அந்த விடுதி வேலை விஷயமா கேட்டாங்க. உங்ககிட்ட சொன்னாளா, வராளா இல்லையான்னு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துது. 'ஆமா, என்கிட்ட சொன்னா, வருவா'ன்னு சொல்லிட்டேன்."

நான் போனைத் திறந்து அக்காவின் அழைப்பைப் பார்த்தேன்.

"ரெண்டு மணிக்குள்ள சொல்லலேன்னா கைவிட்டுப் போயிடும்னாங்க. நீயும் ரெண்டு மணின்னு சொன்னியா, இதுதான் போலன்னு புரிஞ்சுது. நல்ல வேலைதானே? ராத்திரியில நிம்மதியா தூங்கலாம்." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். "நான் சரியாத்தானே சொன்னேன்?"

"என்னை எழுப்பியிருக்கலாமே" என்றேன். "அதுக்காவது எழுப்பியிருக்கலாமே."

"தூங்கறவளை எப்படி எழுப்பறது?" என்றார்.

அந்தக் கேள்வியில் கள்ளமே இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷமாக இந்த மனிதர் என்மீது வைத்திருந்த பிரியமெல்லாம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததிலும், கதவைச் சத்தமில்லாமல் சாத்தியதிலும்தான் இருந்தது. எனக்கும் அவருக்குக் காட்ட வேறு பிரியம் தெரியாது. கத்தலாம் போலிருந்தது. "போகாதேன்னு சொல்லுங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. கேட்டு வாங்கினால் அது அவர் வார்த்தையாக இருக்காதே என்று ஒரு வீம்பும் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கதவைத் தட்டினார்கள்.

"நாலு மணிம்மா. ரூம் க்ளீன் பண்ணணும்."

வெளியே அடுத்த ஆட்கள் பெட்டியோடு நின்றிருந்தார்கள். சின்ன வயது ஜோடி. கழுத்தில் பரீட்சை அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம்.

நாலரை பஸ்ஸைப் பிடித்தோம். அவர் எட்டரைக்கு ஆலை வாசலில் இறங்கி நேராக வேலைக்குப் போகவேண்டும், தாமதமாகும் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். நேற்றுக் காலை பதினோரு மணியிலிருந்து கண் மூடாதவர். பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் தலை தொங்கி என் தோளில் வந்து விழுந்தது. என் தோளில் அவர் தூங்குவது இதுதான் முதல் தடவை. கனமாக, சூடாக இருந்தது. வாயை லேசாகத் திறந்துகொண்டுதான் அவரும் தூங்குகிறார், எனக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன் அதிர்ந்தது. அக்கா எழுதியிருந்தாள். "பேர் எழுதியாச்சு. புதன்கிழமை சேரணும். நான்தான் அவரைத் தப்பா நெனச்சுட்டேன்டி. தடையே சொல்லாம அனுப்பறாரு. தங்கமான மனுஷன்."

மாற்றிச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அதற்கு முன்னால் இவரை எழுப்பி, ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். நான் போகணுமா, வேண்டாமா? பஸ் ஆலை வாசலுக்குப் போக இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தோளை ஒரு அசைப்பு அசைத்தால் விழித்துக்கொள்வார். ஒருமுறை கையைத் தூக்கி அவர் கன்னம்வரை கொண்டும் போனேன். ராத்திரி முழுக்க அந்தச் சூட்டில் நிற்கவேண்டிய மனிதர்.

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக நேராக அவர் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. இமை துடித்தது. நான் சத்தம் வராமல் திரையை இழுத்துவிட்டேன்.